டோரீன் யாரைப் பார்த்துப் பயந்தாள்

நீலசந்திரா, பெங்களூர்
9.7.2023

திரு. அசோகன் அவர்களுக்கு,

நான் ஜூலியா. தொம்மலூரில் உங்கள் பக்கத்து வீட்டு ஹெர்பர்ட்டின் மகள். சின்ன வயதில் உங்களை அங்கிள் என்று கூப்பிட்டவள்தான். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

நீங்கள் டிராயிங் மாஸ்டராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கும் சின்னத்தாயியிடம் உங்கள் வேலூர் முகவரியை வாங்கினேன். உங்களுக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை, ஃபோன் வைத்துக்கொள்வதில்லை என்றார். அதனால்தான் கடிதம்.

அப்பா மே மாதம் இறந்துவிட்டார். மாரடைப்பு. தொம்மலூர் வீட்டில் இப்போது தம்பி க்ளென் மட்டும் இருக்கிறான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஒரு கம்பெனிக்கு கேப் ஓட்டுகிறான். நான் இங்கே நீலசந்திராவில் கணவர் தினேஷோடும் ஒன்பது வயது மகள் ஆஞ்சலாவோடும் இருக்கிறேன். ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலை.

அப்பாவின் சாமான்களை ஒதுக்கும்போது பரணில் பழைய பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு படம் கிடைத்தது. எங்கள் அம்மா டோரீனின் படம். கீழே உங்கள் கையெழுத்தும் 2001 என்ற வருடமும் இருக்கிறது.

நீங்கள் வரைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கைகளும் மடியில். வலது கை இடது கையைப் பிடித்திருக்கிற பிடியில் விரல் முட்டிகள் வெளுத்துப் போயிருக்கின்றன. வலது பாதம் நாற்காலிக் காலுக்குப் பின்னால் கொக்கி போட்டதுபோல் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் ஒரு டீ டம்ளர். அதில் டீ கால் டம்ளர்கூட இல்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் குளோரியா ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, "கையைச் சேத்து வச்சிருக்கா பாரு, செஞ்சதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்கறா" என்றார். காலி டம்ளர் அவள் குடித்த குடிக்கு அடையாளமாம். க்ளென் வேறு மாதிரி சொல்கிறான். "அக்கா, அவங்க பயந்துகினு இருக்காங்க. எதிர்ல யாரோ நிக்கறாங்க. அவங்களப் பாத்துத்தான் அப்படி உக்காந்திருக்காங்க."

அம்மா சாகும்போது எனக்குப் பதினைந்து வயது, அவனுக்குப் பதினொன்று. மொட்டைமாடிப் படியிலிருந்து விழுந்தாள். குடித்துவிட்டு விழுந்தாள் என்றது தெரு. அப்பாவும் அதையேதான் கடைசி வரை சொன்னார். அவள் சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்குப் போய் வந்ததையும் சேர்த்துச் சொன்னார்கள். அப்பா நடுத்தெருவில் உங்கள் சட்டையைப் பிடித்தது எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் நின்றதும், அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்ததும் தெரியும். பேசாமல் நின்றவனைத் தப்பு செய்தவன் என்றுதானே நான் நினைத்துக்கொள்ள முடியும்.

எனக்கு ஒரே கேள்வி. அம்மா எதிரே நின்றது யார்? நீங்களா?

ஜூலியா

வேலூர்
17.7.2023

ஜூலியாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை. என் மனைவி தனக்கோடி இருந்திருந்தால் உனக்கு அவளே பதில் எழுதியிருப்பாள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் வீட்டில் மாடி அறையில் இருக்கிறேன். காது போய்விட்டது, கண்ணும் கையும் இன்னும் இருக்கின்றன.

உன் அப்பாவின் மரணத்துக்கு வருந்துகிறேன். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அன்று அவர் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வரைகிறவனுக்குச் சில வசதிகள் வேண்டியிருக்கும். சுவரின் நீலம் பின்னணிக்கு வேண்டும் என்பதால் நாற்காலியை ஒட்டிப் போட்டேன். டம்ளர் ஸ்டூலை நிரப்புவதற்காக வைத்தது. முகம் திரும்பியிருப்பது ஜன்னல் வெளிச்சத்துக்காக. இதில் அடையாளம் தேட வேண்டியதில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். படத்தைப் பற்றி மேலே எழுதியதில் ஜன்னல் இருந்தது ஒன்றுதான் நிஜம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உன் அம்மா குடித்ததில்லை, ஒரு நாளும். அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்த ஐந்து சனிக்கிழமையும் தனக்கோடி அதே அறையில் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருந்தாள். உன் அம்மா என்னைப் பார்த்துப் பயப்படவில்லை.

இதற்குமேல் கேட்காதே, அம்மா. படத்தைப் பழையபடி சுற்றிப் பரணில் வைத்துவிடு. முக்கியமாக, க்ளென் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

அசோகன்

நீலசந்திரா
2.8.2023

திரு. அசோகன் அவர்களுக்கு,

"க்ளென் பார்க்க வேண்டாம்." ஏன் க்ளென்? நான் பார்க்கலாமா? அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாகத்தான் எல்லாம் நடக்கிறது. க்ளென் படத்தை ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் மாட்டிவிட்டான். போன வாரம் அவன் வேலையும் போய்விட்டது. ரிங் ரோட்டில் வண்டியை டிவைடரில் ஏற்றிவிட்டான். உள்ளே இருந்த பெண்ணுக்கு நெற்றியில் அடி. குடித்துவிட்டு ஓட்டினான் என்று சூப்பர்வைசர் முகேஷ் எழுதிக் கொடுத்திருக்கிறார். க்ளென் என் எதிரில் உட்கார்ந்து அழுதான். "ஊதிக் காட்டறேன், வாக்கா, என் வாய மோந்து பாரு" என்றான். மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அவன் தொடுகிறவனே இல்லை, குடிகாரி மகன் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவன்.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துச் சிரிக்காதீர்கள். அவன் அந்தப் படம் மாதிரி உட்கார ஆரம்பித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக அங்கே போனேன். படத்துக்குக் கீழே நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கை இடது கையைப் பிடித்திருந்தது. "இன்னாடா, அம்மா மாதிரி ஆக்ட் குடுக்கிறியா" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவே இல்லை. கீழே குனிந்து தன் கையைப் பார்த்துவிட்டு சடாரென்று எடுத்துவிட்டான். காபி கொண்டுவந்தேன். "ரொம்ப ஊத்தாதே, பாதி போதும்" என்றான். படத்திலிருந்து ஏதோ இறங்கி அவனுக்குள் போனதுபோல் இருந்தது. நான் படித்தவள், இப்படியெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் அன்று ஆஞ்சலாவை அந்த வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

இன்னொன்று. தினமும் நாற்பது ஐம்பது பேருடைய கண்ணைப் பார்ப்பது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவள் கண்ணைத்தான் முதலில் திருப்புவாள், தலை கொஞ்சம்தான் திரும்பும். படத்தில் அம்மாவின் தலை முழுக்கத் திரும்பியிருக்கிறது, கண்மணி நடுவிலேயே நிற்கிறது. ஓவியம் தெரியாதவர்கள் செய்கிற தப்பு என்று முதலில் நினைத்தேன். ஆனால் கை விரலின் நகத்தைக்கூடச் சரியாகப் போட்ட நீங்கள் கண்ணில் தப்பு செய்வீர்களா?

நீங்கள் எதையோ பார்த்துத்தான் அப்படி வரைந்திருக்கிறீர்கள். பார்த்தது என்ன என்று எனக்குச் சொல்லிவிடுங்கள்.

ஜூலியா

வேலூர்
14.8.2023

அம்மா ஜூலியா,

பாதி காபி போதும் என்று க்ளென் சொன்னதை நீ எழுதிய இடம் வரை படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எது நடக்கக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேனோ அது நடந்துவிட்டது. இனி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம்.

உன் அம்மாவின் ஊர் கோலார் தங்கவயல் என்று உனக்குத் தெரியும். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். நாற்பது வயதில் அவருக்கு நடை கோணியது. கை கால் தானாக ஆட ஆரம்பித்தது. குடிக்காமலே குடிகாரன் என்று பெயர் வாங்கினார். கடைசியில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல், யாரையும் தெரியாமல் செத்துப்போனார். அவர் தங்கைக்கும் அதேதான். உன் அம்மாவுக்கு முப்பத்தேழு வயதில் சாமான் கை தவற ஆரம்பித்தது. யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஹண்டிங்டன் நோய். மூளையில் வருவது, ரத்தவழியாக இறங்குவது, மருந்து இல்லாதது.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு படத்துக்காக. அதற்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறார். எடுத்த மூன்றிலும் முகம் எங்கோ இழுத்துக்கொண்டு போயிருந்தது. "மாஸ்டர், கேமரா இருக்கறத எடுத்துடுது. நீங்க என்னை அசையாம உக்கார வச்சு ஒரு படம் போட்டுக் குடுங்க. பிள்ளைங்களுக்கு அது இருக்கட்டும்" என்றார்.

அசையாமல் உட்கார அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது எழுந்து ஆடும். கால் உதைக்கும், அதனால் நாற்காலிக் காலில் மாட்டிக்கொள்வார். உடம்பு சாயும், அதனால் சுவர். டீ சிந்தும். "கொஞ்சமா ஊத்துங்கக்கா" என்று தனக்கோடியிடம் சொல்வார். நீ கண்ணைப் பற்றிக் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவரால் பார்வையை மட்டும் திருப்ப முடியாது. ஒரு முறை இமைத்துவிட்டு முழுத் தலையையும் திருப்புவார். அது எனக்குப் புரியவில்லை, பார்த்ததைப் போட்டேன். இத்தனை வருடம் கழித்து நீ அதைப் படித்திருக்கிறாய்.

இதில் குளோரியா சொன்ன மன்னிப்பும் இல்லை, குடியும் இல்லை. எல்லாம் நோயை மறைக்க ஒரு பெண் செய்த வேலைகள். அவற்றை விட்டுவிட்டு வெறும் முகத்தை வரைந்திருக்கலாம், அவர் கேட்டதும் அதுதான். படம் முடிந்ததும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மறைக்கச் சொன்னேன். காட்டிட்டீங்களே மாஸ்டர்" என்றார். திட்டவில்லை. எடுத்துக்கொண்டு போனார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடமும் தனக்கோடியிடமும் பைபிளில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நாங்கள் தடுத்துப் பேசியபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "குடிகாரி பிள்ளைங்கன்னா பத்து வருஷத்துல ஜனம் மறந்துடும். இந்தச் சீக்கு ரத்தம்னா யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்க, குடுக்க மாட்டாங்க. என்னைக் குடிகாரின்னே சொல்லிட்டுப் போகட்டும்." அதனால்தான் நடுத்தெருவில் உன் அப்பா என் சட்டையைப் பிடித்தபோது நான் பேசவில்லை. மாடிப்படியில் கால் தவறித்தான் விழுந்தார் என்று நான் நம்புகிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

எதிரே நின்றது யார் என்று கேட்டாய். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே உங்கள் வீட்டு முற்றம் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் நீயும் க்ளெனும் அங்கே விளையாடிக்கொண்டிருப்பீர்கள். டாக்டர் அவரிடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கு வராது என்றும் இல்லையாம், இருவருக்கும் வரலாம், இருவரும் தப்பலாம். ஐந்து சனிக்கிழமையும் அவர் உங்கள் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். க்ளென் ஓடும்போது தடுக்கி விழுந்தால் அவர் முகம் எப்படி மாறுமோ அதைத்தான் நான் வரைந்தேன். க்ளென் பார்க்க வேண்டாம் என்றது அதனால்தான்.

அவர் பயந்தது உங்கள் இருவரையும் பார்த்து, அம்மா.

க்ளெனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

அசோகன்

நீலசந்திரா
3.10.2023

அசோகன் அவர்களுக்கு,

ஏழு வாரமாக எழுதவில்லை. முதல் நான்கு வாரம் உங்கள்மேல் இருந்த கோபத்தில் எழுதவில்லை. நான் இருபத்தெட்டாவது வயதில் ஒரு பிள்ளையைப் பெற்றேன். பெறலாமா என்று யோசிக்கிற உரிமைகூட எனக்கு இல்லாமல் செய்தீர்கள், நீங்களும் அம்மாவும் சேர்ந்து. இதை உங்களிடம் ஒரு முறையாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

மீதி வாரங்கள் பயத்தில் எழுதவில்லை.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி க்ளெனை என் கிளினிக்குக்கு வரவைத்தேன். எங்கள் கண் டாக்டர் பத்ரிநாத் கிளம்பிப் போகும் வரை காத்திருந்தேன். நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் இரண்டு பேனாவைப் பிடித்தேன். "தலைய ஆட்டாதே. கண்ணால மட்டும் இதப் பாரு. இப்ப அதப் பாரு." அவனால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் இமைத்தான், பிறகு தலை வெட்டி இழுத்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். "என்னக்கா, பவர் ஏறிடுச்சா" என்று கேட்டான். இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் அணைத்தேன்.

அவனிடம் சொல்லவில்லை. தினேஷிடமும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு லென்ஸ் என் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யாருக்கும் நழுவும். ஆனால் நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஆஞ்சலா வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சில் பிடித்த விரலைப் பார்க்கிறேன். படி இறங்கும்போது காலைப் பார்க்கிறேன். நேற்று அவள் பென்சிலை வைத்துவிட்டு, "ஏன்மா என்னைப் பாத்து பயப்படறே" என்று கேட்டாள். நான் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அம்மா ஏன் மறைத்தாள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அதனால் நானும் கேட்கிறேன். என் கடிதங்களைக் கொளுத்திவிடுங்கள். அவளுக்குச் செய்த சத்தியத்தை எனக்கும் செய்யுங்கள். க்ளெனுக்குத் தெரிந்தால் அவன் உயிரோடு இருக்க மாட்டான். தினேஷ் வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் என்னையும் பிள்ளையையும் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவே முடியவில்லை.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. க்ளெனுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. ஈஜிபுராவில் ஒரு பள்ளிக்கூட வேன், பதினாறாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து. வேண்டாம் என்று தடுக்க நான் என்ன காரணம் சொல்வது? ஏதாவது ஒன்று யோசித்து எழுதுங்கள்.

ஜூலியா

வேலூர்
9.10.2023

ஜூலியா,

காரணம் யோசித்துத் தர மாட்டேன். உண்மை ஒன்று இருக்கிறது, அது போதும்.

சத்தியமும் செய்ய மாட்டேன். ஒன்று செய்தேன். அது என்ன ஆயிற்று என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். அந்த வேனில் இருபது பிள்ளைகள் இருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள். நீ இதை யோசிக்காமல் இல்லை, அதனால்தான் கடைசியில் எழுதினாய்.

சனிக்கிழமைக்குள் நீ சொல்லிவிடு. இல்லையென்றால் நான் வந்து சொல்வேன். பதினான்காம் தேதி காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் முன்னால் வருமோ நான் முன்னால் வருவேனோ தெரியாது. நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நிற்பேன். தொம்மலூரில் நடுத்தெருவில் பேசாமல் நின்ற பழக்கம் எனக்கு உண்டு. இந்த முறை பேசுவேன்.

நான் நல்லவனாக இதைச் செய்யவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அசோகன்

நீலசந்திரா
28.1.2024

அசோகன் அங்கிளுக்கு,

நீங்கள் வந்த அன்று உங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசலில் வைத்து நான் கத்தியதில் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்காதது நல்லது.

ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றும் உங்களுக்குக் கேட்கவில்லை. அன்றே தொம்மலூர் வீட்டுக்குப் போய் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு க்ளென் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஏதோ பேசினான் அல்லவா? உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிற உங்களுக்கு அவன் உதடு தெரியவில்லை. நீங்கள் அவன் அழுகிறான் என்று நினைத்து எழுந்து போய்த் தோளைத் தொட்டீர்கள். அவன் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றான். "பேரு தெரியாது. ஆனா நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்ல. எங் கை ஆடறப்பத்தான் அந்தப் படத்தப் பாத்தேன். அப்ப அம்மாவும் குடிச்சிருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சிடுச்சு. அதுக்கோசரம்தான் தினமும் அங்க உக்காந்தேன். அவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு பாத்துகினு இருந்தேன்." நான் படத்திலிருந்து பேய் இறங்கிவிட்டது என்று பயந்து ஆஞ்சலாவை வாசலில் நிறுத்தியபோது, அவன் அதைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

உங்களைப் பஸ் ஏற்றிவிட்டு அவனே நேராக ஈஜிபுரா போனான். வேன்காரரிடம், எனக்கு உடம்புக்கு இப்படி, வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தான். குளோரியா ஆன்ட்டியிடமும் அவன்தான் சொன்னான். "சீக்கு ஆன்ட்டி. குடி இல்ல. அம்மாக்கும் அதேதான்." ஆன்ட்டி ரோசரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார், நேரில் வரவில்லை.

தினேஷிடம் நான் சொன்ன அன்று இரவு அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. என் பெட்டியை எங்கே வைத்திருக்கிறேன் என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை லீவ் போட்டுவிட்டு வந்து, "எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

க்ளெனுக்கு டிசம்பரில் உறுதியாகிவிட்டது. அதற்கு நாங்கள் தயாராகத்தான் இருந்தோம் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்குச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு முறை உட்கார வைத்துப் பேசினார்கள். தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் எனக்கு உரிமை இருக்கிறதாம். ஆஞ்சலா கேட்ட கேள்விக்காகத்தான் ரத்தம் கொடுத்தேன். முடிவு சொல்ல இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி புதன்கிழமை வரச் சொன்னார்கள். தினேஷ் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். க்ளென் வெளியே பெஞ்சில் இருந்தான். நான் தனியாக உள்ளே போனேன்.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு இல்லை. ஆகவே ஆஞ்சலாவுக்கும் வராது. அவர் மேலும் ஏதேதோ விளக்கினார், ஒன்றும் காதில் விழவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

க்ளென் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். "பரவால்லக்கா, அழாதே" என்றான். "பயப்படாதே. நான் முன்னாடி போறேன்ல. ஒவ்வொண்ணும் எப்படி வருதுன்னு பாத்து உனக்குச் சொல்லிகினே வரேன். உனக்குக் கஷ்டமா இருக்காது."

அந்தத் தாழ்வாரத்தில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவன் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது, அதோடு சேர்ந்து நானும் ஆடினேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மறைப்பது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

"எனக்கு இல்லடா" என்றேன்.

அவன் கையை எடுக்கவில்லை. "பாப்பாவுக்கு?"

"அவளுக்கும் இல்ல."

"தேங்க் காட்" என்றான். பெஞ்சில் போய் உட்கார்ந்தான். தினேஷ் வந்தார், அவரிடமும் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். மூவரும் கீழே இறங்கி வந்து காபி குடித்தோம். வண்டியில் திரும்பி வரும்போதுதான், வெளியே பார்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் கேட்டான்: "அப்ப நான் மட்டும்தானா?"

இத்தனை மாதத்தில் அவன் குரலில் பயத்தை அன்றுதான் கேட்டேன். ஒருத்தருக்கு வழிகாட்டப் போகிறோம் என்ற நினைப்பில்தான் இதுவரை நடந்து வந்திருக்கிறான் போலிருக்கிறது. நான் தப்பித்ததும் அவனிடமிருந்து அதுவும் போய்விட்டது.

தொம்மலூர் வீட்டைப் பூட்டிவிட்டோம். க்ளென் இப்போது எங்களோடு இருக்கிறான், ஆஞ்சலாவின் அறைக்குப் பக்கத்து அறையில். பகலில் நானும் தினேஷும் வேலைக்குப் போய்விடுகிறோம், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். அந்த ஏழெட்டு மணி நேரம் அவன் என்ன யோசிப்பான் என்று நினைத்தால் கிளினிக்கில் எனக்குக் கை ஓடுவதில்லை. தபால்காரர் பதினொரு மணிக்கு எங்கள் தெருவுக்கு வருகிறார். இனிமேல் எனக்கு எழுதாதீர்கள், அங்கிள். உறையின்மேல் க்ளென் பெயரைப் போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், வரியில் கண் ஓடுவது அவனுக்கு இப்போது சிரமமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று முடியுமா?

ஜூலியா